கூட்டமில்லாத மேசை: குமரிப் பயணக் குறிப்புகள்

வியாழன், நாகர்கோவில்

விடியற்காலையில் சாத்தூரில் இருந்து வேன் கிளம்பியது. ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் ஒன் வரை படிக்கும் பெண்பிள்ளைகள், கணக்கு டீச்சர், நான். நாகர்கோவில் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் தொழில்நுட்ப மாநாடு. பிள்ளைகளைத் தொழில்நுட்பப் படிப்பின் பக்கம் இழுப்பதுதான் நோக்கம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். எங்கள் பள்ளியில் பிள்ளைகளை இழுப்பது ஒரு வேலையே இல்லை. வீட்டில் சம்மதம் வாங்குவதுதான் வேலை. பாதிப் பேரின் அம்மாக்கள் பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள், மற்றவர்கள் தீப்பெட்டி ஆபீஸ். "ராத்திரி வெளியூர்ல தங்கணுமா டீச்சர்?" என்ற ஒரே கேள்விக்கு வீடு வீடாகப் போய்ப் பதில் சொன்னதில் தொண்டை கட்டிவிட்டது.

நெல்லையில் இட்லி. எழுதும்படி ஒன்றும் இல்லை.

பணகுடி நெருங்கும்போது வலது கைப் பக்கம் மகேந்திரகிரி தெரிந்தது. உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. அந்த மலையடிவாரத்தில்தான் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. சாலையில் இருந்து பார்த்தால் மலை மட்டும்தான் தெரியும். சந்திரயான்-3ஐத் தூக்கிப் போன ராக்கெட்டின் மேலடுக்கு கிரையோஜெனிக் எஞ்சினை 2023 பிப்ரவரி 24 அன்று இங்கேதான் எரித்துச் சோதித்தார்கள், 25 விநாடி என்று சொன்னேன். "வெறும் இருபத்தஞ்சு செகண்டா?" என்று ஒருத்திக்கு ஏமாற்றம். ஒரு பக்கம் மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜன், மைனஸ் 183-ல் திரவ ஆக்சிஜன். ஒரு கை தள்ளி இரும்பை உருக்கும் நெருப்பு. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற உலோகம் அந்த 25 விநாடி தாங்குகிறதா என்பதுதான் பரீட்சை என்றேன். அப்புறம் மலை மறையும் வரை யாரும் பேசவில்லை.

மகேந்திரகிரி திருநெல்வேலி மாவட்டம். காவல்கிணற்றில் நாகர்கோவில் சாலைக்குத் திரும்பிக் கொஞ்ச தூரம் போனால் குமரி மாவட்டம் வந்துவிடும். எல்லைப் பலகையைப் பார்ப்பதற்கு முன்பே காற்று சொல்லிவிட்டது. வேன் லேசாக ஒரு பக்கம் தள்ளப்பட்டது. முப்பந்தலில் டிரைவர் அண்ணன் யாரையும் கேட்காமல் ஓரங்கட்டினார். இசக்கியம்மனுக்கு ஒரு கும்பிடு போடாமல் இந்த வழியில் வண்டி ஓட்டுகிறவர்களை நான் பார்த்ததில்லை. அவர் கோயிலுக்குள் போய் வருவதற்குள் பிள்ளைகள் இறங்கிக் காற்றாலைகளைப் பார்த்து நின்றார்கள்.

"டீச்சர், இது ரொம்ப மெதுவாத்தான சுத்துது?"

சரி, அளந்து பார்ப்போம் என்று கணக்கு டீச்சர் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். பெரிய காற்றாலை ஒன்று, ஒரு சுற்றுக்கு நான்கு விநாடி. இறக்கையின் நீளம் 50 மீட்டர் என்று வைத்துக்கொண்டோம். சுற்றளவு 314 மீட்டர். நான்கால் வகுத்தால் விநாடிக்கு 78.5 மீட்டர். அதை மணிக்குக் கிலோமீட்டராக மாற்றச் சொன்னதும் மண்ணில் குச்சியால் எழுத ஆரம்பித்தார்கள். 282.6 என்று வந்தது. இறக்கையின் நுனி மணிக்கு ஏறக்குறைய 280 கிலோமீட்டரில் போகிறது! ஒருத்தி நம்பாமல் மறுபடி போட்டுப் பார்த்தாள். அதே விடை.

ஏன் இங்கே மட்டும் இத்தனை காற்றாலை? மேற்குத் தொடர்ச்சி மலை அரபிக்கடல் காற்றைச் சுவர் மாதிரி மறித்துக்கொண்டே வருகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் அதற்கு ஒரு வாசல் கிடைக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடுக்கில் நுழையும்போது வேகம் பிடிக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் இருக்கும் ஆற்றல் எட்டு மடங்கு, ஏனென்றால் அது வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு போகிறது. அதனால்தான் காற்றாலைக்கு இடம் தேடுகிறவர்கள் கொஞ்சம் கூடுதல் வேகத்துக்காக மாவட்டம் மாவட்டமாக அலைகிறார்கள். இங்கே 1990-களில் நட்ட 225, 250 கிலோவாட் குட்டிக் காற்றாலைகளும் நிற்கின்றன, மெகாவாட் கணக்கில் தரும் புதியவையும் நிற்கின்றன. பாட்டியும் பேத்தியும் என்று பிள்ளைகளே பெயர் வைத்துவிட்டார்கள்.

இரவுச் சாப்பாட்டில் தேங்காய் அரைத்த மீன்குழம்பு. எங்கள் பக்கத்துக் குழம்புக்குப் பழகிய நாக்குகள் முதலில் முறைத்தன. பிறகு சட்டி காலி.

வெள்ளி, மாநாட்டு அரங்கம்

தொடக்க விழா பத்து மணி. சிறப்பு விருந்தினர் வந்தது பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்பு. அதுவரை பிள்ளைகள் வரவேற்புப் பாடல் ஒத்திகையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விட்டுத் தள்ளுவோம்.

கண்காட்சி நன்றாக இருந்தது. ஊசி சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி ஓட்டும் ஜேசிபி இருந்தது. அது இல்லாத அறிவியல் கண்காட்சி தமிழ்நாட்டில் கிடையாது. நடுவர்கள் அதைப் பார்த்ததும் கொட்டாவி விடுகிறார்கள். எனக்கு அந்த ஜேசிபியை இன்னும் பிடிக்கும். பாஸ்கல் விதியைப் புத்தகத்தில் படித்த பிள்ளைக்கும், ஒரு சிரிஞ்சை அழுத்தி இன்னொன்று எழுவதைப் பார்த்த பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் வகுப்பில் எனக்குத் தெரியும்.

ராக்கெட் அரங்கில்தான் எங்கள் பிள்ளைகள் நின்றே விட்டார்கள். பிஎஸ்எல்வியின் மாதிரி ஒன்றைக் குறுக்கே வெட்டி உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டியிருந்தார்கள். முதல் அடுக்கில் திட எரிபொருள். விளக்கிக்கொண்டிருந்த இளைஞர் "அலுமினியப் பவுடர்..." என்று ஆரம்பித்ததும் எங்கள் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி குறுக்கே வந்தாள்.

"அது எங்க ஊர்லயும் போடுவாங்க சார். பட்டாசுக்கு."

அந்த இளைஞர் சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். அவர் நகரவில்லை. "எந்த ஊரு? சிவகாசிப் பக்கமா? அப்ப உனக்குப் பாதி தெரியும்" என்று அவளை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். பட்டாசிலும் ராக்கெட்டிலும் எரிபொருளுக்குத் துணையாக ஆக்சிஜன் கொடுக்கும் உப்பு ஒன்று வேண்டும். காற்றை நம்ப முடியாது. பட்டாசில் வெடியுப்பு மாதிரி பொருள்கள், ராக்கெட்டில் அமோனியம் பெர்குளோரேட். பட்டாசு ஒரே நொடியில் வெடிக்க வேண்டும், ராக்கெட் நிதானமாக எரிய வேண்டும். அதற்காகப் பொடிகளை எச்டிபிபி என்ற ரப்பர் மாதிரிப் பொருளில் பிசைந்து, அச்சில் ஊற்றி, கெட்டியாக்குகிறார்கள். பிஎஸ்எல்வி முதல் அடுக்கில் அது 139 டன். நடுவில் விடும் துளையின் வடிவம்தான் எந்த நேரத்தில் எவ்வளவு உந்துதல் என்பதை முடிவு செய்கிறது.

அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டாள்: "கலக்கும்போது உராய்ஞ்சு தீப்பிடிக்காதா சார்?" அது பாடப்புத்தகத்துக் கேள்வி இல்லை. ஆலை விபத்துச் செய்தி வரும் நாட்களில் அவள் வீட்டில் பேசிக்கொள்ளும் கேள்வி. ஆபத்தான கட்டங்களில் ஆட்கள் பக்கத்தில் இருக்காமல் தூரத்து அறையில் இருந்து இயக்குவார்கள் என்று அவர் சொன்னார். "எங்க அம்மா கையாலதான் செய்றாங்க" என்றாள். அவர் என்ன சொல்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். பாதுகாப்புப் பொறியியல் என்றே ஒரு படிப்பு இருக்கிறது என்று நான் சொன்னேன். அவள் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

இன்னொரு அரங்கு இந்த மாவட்டத்துக் கடலோரப் பிள்ளைகளுடையது. தெர்மோகோலில் கடல், படகுகள், மேலே நூலில் தொங்கும் செயற்கைக்கோள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. செல்போன் கோபுரமும் படகு வயர்லெஸ்ஸும் அத்தனை தூரம் எட்டாது. அதன் பிறகு செயற்கைக்கோளில் இருந்து நேரடியாகப் படகுக்கு எச்சரிக்கை தரும் ஜெமினி என்ற கருவி 2019-ல் வந்தது. புளூடூத் வழியே போனில் செய்தி தெரியும். ஆனால் அதில் கேட்க மட்டும்தான் முடியும், திருப்பிச் சொல்ல முடியாது. இப்போது விசைப்படகுகளில் பொருத்தும் டிரான்ஸ்பாண்டர் என்ற கருவியில் இரண்டு பக்கமும் குறுஞ்செய்தி போகிறது. இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னவள் எட்டாம் வகுப்பு. பேச்சில் ஒரு பிசிறு இல்லை. ஒக்கியை யாரிடம் கேட்டு இப்படித் தெரிந்துகொண்டாய் என்று நான் கேட்கவில்லை. கடற்கரை ஊர்ப் பிள்ளையிடம் கேட்கக் கூடாத கேள்வி அது.

பரிசு வாங்கியது பேசும் குப்பைத்தொட்டி. சரி.

சனி, அதே அரங்கம்

காலையில் ஓய்வு பெற்ற விஞ்ஞானி ஒருவர் பேசினார். பெரிய கூட்டத்தில் அரைமணி நேரம் யாரையும் போன் பக்கம் திரும்ப விடாமல் பேசுவது எனக்கு வாய்க்காத கலை. குலசேகரன்பட்டினத்தில் ஏன் இரண்டாவது ஏவுதளம் என்று ஆரம்பித்தார். ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து துருவப் பாதைக்கு, அதாவது நேர் தெற்கே, ராக்கெட்டை அனுப்ப முடியாது; வழியில் இலங்கை இருக்கிறது. வளைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும், அதற்கு எரிபொருள் செலவு. சின்ன ராக்கெட்டுக்கு அந்தச் செலவே தாங்காது. குலசையில் இருந்து தெற்கே பார்த்தால் கடல் மட்டும்தான். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். குலசை என்றால் எங்கள் பிள்ளைகளுக்குத் தசராவும் வேஷம் கட்டுவதும்தான் தெரியும். "ஒரே ஊர்ல காளி வேஷமும் ராக்கெட்டுமா" என்று பின்னால் ஒரு குரல். அதுவும் என் பள்ளிதான்.

அடுத்து ஒரு மென்பொருள் நிறுவனத்துக்காரர். சம்பளப் பட்டியல், வெளிநாட்டுப் படங்கள், "கனவு காணுங்கள்". எங்கள் பிள்ளைகளுக்குக் கனவு காணத் தெரியாது என்று யார் இவர்களிடம் சொன்னது? தெரியாதது வழி. பத்தாவது முடித்தவள் எந்தக் கதவைத் தட்டினால் எங்கே போய்ச் சேரலாம், எவ்வளவு செலவாகும், நடுவில் நின்றுவிட்டால் திரும்ப ஏற முடியுமா, இவை மேடையில் எங்கேயும் வரவில்லை. மேடைக்குப் பின்னால் பெரிய பேனர்: இந்த மண்ணின் மைந்தர்கள் என்று இஸ்ரோவின் முன்னாள் தலைவர் சிவன், இப்போதைய தலைவர் நாராயணன் இருவரின் படங்கள். சரக்கல்விளையும் மேலக்காட்டுவிளையும் பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். அவர்கள் எந்த வழியாகப் போனார்கள் என்று பேனரில் ஒரு வரி இல்லை.

வழி எங்கே இருந்தது தெரியுமா? சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகும் தாழ்வாரத்தின் மூலையில், ஒரு பாலிடெக்னிக் ஆசிரியர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் துண்டறிக்கைக் கட்டு. கூட்டம் இல்லை.

"காலையில இருந்து கொஞ்சம் பேர் வந்தாவ டீச்சர். பாதிப் பேர் பேனா சும்மா குடுப்பியளான்னு கேட்டாவ" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. பழகிவிட்டது போல.

நான் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்தேன். தரையில்தான். அவர் மேசையை விட்டு எழுந்து வந்து பேசினார். பத்தாவது முடித்தால் மூன்று வருஷ டிப்ளமோ. பிளஸ் டூவோ ஐடிஐயோ முடித்திருந்தால் நேராக இரண்டாம் வருஷம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யில் லேட்டரல் என்ட்ரி, அங்கேயும் நேராக இரண்டாம் வருஷம். ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகள் டிப்ளமோ, ஐடிஐ, பட்டம் எதில் சேர்ந்தாலும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். சிவில், மெக்கானிக்கல் பி.இ.யைத் தமிழ்வழியிலேயே படிக்க அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் வழி செய்தது.

நேற்று அலுமினியப் பவுடர் பற்றிக் கேட்டவள் கை தூக்கினாள். "டிப்ளமோ படிச்சா ராக்கெட் பக்கமெல்லாம் போக முடியுமா சார்?"

அவர் அரங்கத்தைப் பார்த்துக் கை நீட்டினார். "உள்ள பேனர்ல ரெண்டு படம் பாத்தியா மக்களே? அதுல நாராயணன் சார் முதல்ல படிச்சதே டிப்ளமோ மெக்கானிக்கல்தான். முதல் ரேங்க்."

யாரும் நம்பவில்லை. கணக்கு டீச்சரே நம்பவில்லை. அவர் விரல் விட்டுச் சொன்னார். ஊர்ப்புறத் தமிழ்வழிப் பள்ளி, டிப்ளமோ, அப்புறம் ஏஎம்ஐஇ, அதாவது கல்லூரிக்குப் போகாமல் தேர்வெழுதி வாங்கும் பொறியியல் தகுதி. 1984-ல் இஸ்ரோ. 1989-ல் கரக்பூர் ஐஐடியில் கிரையோஜெனிக் பொறியியலில் எம்.டெக், அங்கேயும் முதல் ரேங்க். 2001-ல் முனைவர் பட்டம். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவர். ஏஎம்ஐஇ வழி இன்று முன்போல இல்லை, 2013-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அதைப் பட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்வதில்லை, அந்த இடத்தில்தான் லேட்டரல் என்ட்ரியை வைத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். பாதி உண்மையைச் சொல்லிப் பிள்ளைகளை ஏற்றிவிடாத இந்த நிதானத்துக்காகவே அவர் மேல் மரியாதை வந்தது. "தலைவர் ஆகலைன்னாலும் பரவாயில்லை. இஸ்ரோவுல ஐடிஐ முடிச்சவங்களுக்கு டெக்னீஷியன் வேலை உண்டு, டிப்ளமோவுக்கு டெக்னிக்கல் அசிஸ்டென்ட் உண்டு. எஞ்சினை முறுக்கி மாட்டுறது யாருன்னு நினைக்கிய?"

சிவன் அவர்களின் வழி வேறு. நாகர்கோவில் இந்துக் கல்லூரியில் கணிதப் பட்டம், பிறகு சென்னை எம்ஐடியில் ஏரோநாட்டிகல், 1980. பி.எஸ்சி கணக்குப் படித்தும் போகலாம் என்று கணக்கு டீச்சர் அந்த இடத்தில் அழுத்திச் சொன்னார். அவருக்கு அவர் கவலை.

துண்டறிக்கைக் கட்டு பாதியானது. பேனாவை யாரும் கேட்கவில்லை.

மாலையில் கன்னியாகுமரி. போய்ச் சேரும்போது படகு நின்றுவிட்டது. 133 அடி வள்ளுவரையும், பாறைக்கும் சிலைக்கும் நடுவில் 2024 டிசம்பர் 30 அன்று திறந்த கண்ணாடிப் பாலத்தையும் கரையில் இருந்தே பார்த்தார்கள். 77 மீட்டர் பாலம். கூட்டம், சுண்டல், செல்ஃபி.

ஞாயிறு, மாத்தூர், மணவாளக்குறிச்சி, திரும்பும் வழி

மாநாடு முடிந்துவிட்டது. ஆனால் மாத்தூர் தொட்டிப்பாலத்தைக் காட்டாமல் திரும்ப எனக்கு மனசில்லை. திருவட்டாறு பக்கம் போகும் சாலையில் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், வயிற்றில் சிரட்டை கட்டியபடி. "ராக்கெட்ல போடுற ரப்பர் இதுதானா டீச்சர்?" இல்லை, அது பெட்ரோலிய வழியில் செய்வது. கேள்வி வந்ததே எனக்குப் போதும்.

பாலம் பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் போகிறது. ஒரு குன்றில் இருந்து எதிர்க் குன்றுக்குப் பட்டணங்கால் கால்வாயின் தண்ணீரைத் தொட்டியில் ஏந்திக் கொண்டுபோகிறது. 1966-ல் கட்டி முடித்தது. நடைபாதையில் நின்று கீழே பார்த்த ஒருத்திக்குத் தலை சுற்றி, கணக்கு டீச்சரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே மறுகரை வந்தாள்.

"மோட்டார் எங்க இருக்கு டீச்சர்?"

மோட்டார் கிடையாது. இந்தக் கரையை விட அந்தக் கரை துளி தாழ்வு, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவை லெவல் கருவி வைத்து அளந்து, இத்தனை தூண்களின் தலையிலும் பிசகாமல் கொண்டுவந்திருக்கிறார்கள். சர்வே எடுத்தவர்களில், கம்பி கட்டியவர்களில் எத்தனை பேர் டிப்ளமோ, எத்தனை பேர் அனுபவத்தில் கற்றவர்கள் என்று கல்வெட்டில் இருக்காது. காமராஜர் முன்கை எடுத்த திட்டம் இது என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்தார்கள்; எங்கள் மாவட்டத்துக்காரர் ஆயிற்றே. 1967-ல் விருதுநகர் அவரைத் தோற்கடித்ததையும், 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில்தான் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியதையும் நான் சொல்லவில்லை. டிரைவர் அண்ணன் சொல்லிவிட்டார்.

அங்கிருந்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை. மணலில் கறுப்புக் கோடுகள். பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்து எடுத்து வைத்திருந்த காந்தத்தைப் பாலித்தீன் பையில் போட்டு மணலில் இழுத்தோம். கறுப்பு மணி மணியாக ஒட்டியது. இல்மனைட், அதில் டைட்டானியம் இருக்கிறது. தேனின் நிறத்தில் கிடப்பவற்றில் மோனசைட் உண்டு, அதில் கதிர்வீச்சு உள்ள தோரியம் இருக்கிறது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்து இங்கே மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். எங்கள் கையில் இருந்த காந்தத்தில் நியோடிமியம் என்ற அருமண் உலோகம் உண்டு. மோனசைட்டிலும் அதே நியோடிமியம் உண்டு. இந்த மணலைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் அருமண் ஆலையும் இதே ஊரில்தான். பையை உதறி மணலை அங்கேயே கொட்டிவிட்டோம்.

டீக்கடை அக்கா எங்களைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். பழம்பொரி கொடுக்கும்போது கேட்டார்: "மணலுல என்ன கெடக்குன்னு படிக்கிய, நல்லது மக்களே. அத அள்ளினா கடலு உள்ள வருமான்னும் சேத்துப் படிங்க, என்ன?" கடலோர ஊர்களில் மணல் எடுப்பதற்கு எதிர்ப்பு இருக்கிறது. கதிர்வீச்சு பற்றிய பயமும் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை சொல்லவும் படித்த ஆள் வேண்டும், அந்த ஆள் இந்தக் கரையில் பிறந்தவளாக இருந்தால் நல்லது. நான் இதைச் சொல்வதற்குள் அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

திரும்பும் வழியில் ஆளுக்கு ஒரு சீப்பு மட்டிப்பழம், நேந்திரங்காய் சிப்ஸ். ஆரல்வாய்மொழி தாண்டும்போது பாதி வேன் தூக்கம். முழித்திருந்தவர்கள் துண்டறிக்கையை வைத்துச் சண்டை: சிவிலா, கெமிக்கலா, இல்லை பிளஸ் டூ முடித்துவிட்டுத்தான் போவதா. கெமிக்கல் யார் கட்சி என்று சொல்ல வேண்டியதில்லை.

இனிமேல்தான் வீடுகளோடு பேச வேண்டும். நெல்லையில் வண்டி நின்றபோது பாலிடெக்னிக் சாருக்குப் போன் போட்டு, சாத்தூர் வந்து பெற்றோரிடம் ஒரு தடவை பேச முடியுமா என்று கேட்டேன். சனிக்கிழமை வசதி என்றார். சனிக்கிழமை ஆலையில் சம்பள நாள், ஒரு அம்மாவும் வரமாட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல்தான் நடக்கும் என்றேன். ஒத்துக்கொண்டார். சாத்தூரில் நிற்கும் ரயில் எது என்று பார்த்து அனுப்ப வேண்டும். விடுதியில் பெண்பிள்ளைகளுக்கு வார்டன் யார், இரவு எத்தனை மணிக்குக் கேட் பூட்டுவார்கள் என்பதையும் எழுதி எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.